கையடக்க இசைப்பான்: வாங்கும்போதும் பாவிக்கும்போதும்

கையடக்க இசைப்பான் எதுவானாலும் நான்கு வேலைகளைச் செய்கிறது. பதிவான ஒலியைச் சேமித்து வைத்திருக்கிறது; அதை மின்சைகையாக மாற்றுகிறது; அந்தச் சைகையைக் காதுக்கருவியை இயக்கும் அளவுக்குப் பெருக்குகிறது; இவற்றுக்கு வேண்டிய மின்வலுவையும் தன்னோடு சுமக்கிறது. 1979இல் வந்த வோக்மனும் இன்று கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் விரல் நீள எம்பி3 பிளேயரும் இந்த நான்கிலும் ஒன்றுதான். கடையில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் கொள்ளளவும் திரையும் பெட்டியில் அச்சிட்ட எண்களும். காதில் விழும் ஒலியின் தரத்தை முடிவு செய்வதோ, இசைக்கோப்பு எப்படி உருவாக்கப்பட்டது, காதுக்கருவி காதில் எப்படிப் பொருந்துகிறது, கேட்கும் இடம் எவ்வளவு இரைச்சலானது என்பவை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர் இவற்றோடு வெப்பத்தையும் கடற்காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கையில் எடுத்துச் செல்லும் இசைக்கு அடித்தளம் போட்டது கசெட். பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஒட்டன்ஸ் தலைமையிலான குழு அதை உருவாக்கி 1963இல் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. 3.81 மில்லிமீற்றர் அகலமான பிளாஸ்ரிக் நாடாவில் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு. நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் தலையைக் கடந்து போகும். 60 நிமிடக் கசெட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 86 மீற்றர் நாடா வேண்டும். ஒலி அந்தப் பூச்சில் காந்த அலையாகப் படிகிறது. 10,000 ஹேட்ஸ் மீடிறனுள்ள ஒலி நாடாவில் எடுக்கும் அலைநீளம் 4.76 மைக்ரோமீற்றர் மட்டுமே. தலையிலுள்ள இடைவெளி அதைவிடச் சிறியதாகவும் நாடாவுக்கு மிகச் செங்குத்தாகவும் இருந்தால்தான் அந்த அலையைப் படிக்க முடியும். தலை இம்மியளவு சாய்ந்தாலும் முதலில் போவது உயர்ந்த மீடிறன்கள்: தாளத்தின் கிணுகிணுப்பு மறைந்து பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகும். ஓரிடத்தில் பதிந்த கசெட் வேறொரு பிளேயரில் மங்கலாகக் கேட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நாடாவில் பிழையே இருக்காது.

சொனி நிறுவனம் 1979 ஜூலை 1ஆம் திகதி ஜப்பானில் வோக்மனை விற்பனைக்கு விட்டது. டிபிஎஸ்-எல்2 என்பது அதன் மாதிரி எண், விலை 33,000 யென். செய்தியாளர்களுக்கென இருந்த சிறு ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பதிவுப் பகுதியையும் ஒலிபெருக்கியையும் கழற்றிவிட்டு, இருசெவி ஒலிக்கான பெருக்கியைச் சேர்த்ததே அதன் உத்தி. ஒலிபெருக்கியை இயக்க வோற்றுக் கணக்கில் வலு வேண்டும். காதோடு ஒட்டிய சிறு கருவிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே இரண்டு பென்டோர்ச் பற்றரியில் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்க முடிந்தது. இன்றைய கருவிகள் எல்லாவற்றிலும் இந்த வலுச் சிக்கனமே அடிப்படை.

இலங்கையில் கசெட் பரவியதற்குக் கொள்கை மாற்றமும் காரணம். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஜப்பானிய வானொலிக் கசெட் பெட்டிகள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் திரும்பி வரும்போது தூக்கி வந்தார்கள். அவற்றுக்குப் பாட்டு நிரப்பிக் கொடுக்க ரெக்கோடிங் பார்கள் எழுந்தன. விருப்பமான பாட்டுகளைத் தாளில் எழுதி, வெற்றுக் கசெட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பாட்டு அடங்கும், கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாதா என்ற கணக்கெல்லாம் கடைக்காரர் தலையில். இசைத்தட்டிலிருந்து நேரே பதிந்ததா, ஏற்கெனவே பதிந்த கசெட்டிலிருந்து நகல் எடுத்ததா என்பதைக் காது உடனே சொல்லிவிடும். நகலின் நகலில் நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு முறையும் கூடும், உயர்ந்த மீடிறன்கள் குறையும். ஒப்புமைப் பதிவின் இயல்பு அது. இலக்கமுறைப் பதிவில் இந்தத் தேய்வு இல்லை; பத்தாவது நகலும் முதலாவதும் எண்ணுக்கு எண் ஒன்றே.

இலக்கமுறைப் பதிவு ஒலி அலையைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. இறுவட்டில் செக்கனுக்கு 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. ஒரு மீடிறனைச் சிதையாமல் மீட்க, செக்கனுக்கு அதன் இரு மடங்குக்கு மேலான அளவீடுகள் வேண்டும் என்பது நைகுவிஸ்ற்றும் ஷானனும் நிறுவிய கணிதம். மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹேட்ஸ். அதுவும் இளம் வயதில்தான். எனவே 44,100 போதும். படிகளுக்கு இடையில் ஒலி விடுபட்டுவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. அந்த மீடிறன் எல்லைக்குள் அளவீடுகளிலிருந்து அலையை முழுமையாகவே திரும்ப வரைய முடியும். 16 பிட்டின் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் விரிவு கிடைக்கிறது. காலி வீதிப் பேருந்தில் இருப்பவருக்கு அதில் பாதி கூடப் பயன்படாது. மெல்லிய பகுதி முழுவதும் எஞ்சின் சத்தத்தின் கீழ் அமிழ்ந்துவிடும். 24 பிட், 192 கிலோஹேட்ஸ் என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருப்பதற்காக மேலதிகப் பணம் கொடுப்பது வீண். அந்த எண்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு உதவும், கேட்பவருக்கு உதவா.

இறுவட்டின் ஒலி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம் பிடிக்கும். 1990களின் நினைவகங்களுக்கு இது பெரும் சுமை. ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலான ஆய்வாளர்கள் உருவாக்கிய எம்பி3 முறை அதைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது. காது எதைக் கேட்பதில்லையோ அதை எழுதி வைக்கத் தேவையில்லை என்பதே அதன் தத்துவம். ஒரு மீடிறனில் பலத்த ஒலி இருக்கும்போது அதன் அண்டைய மீடிறன்களிலுள்ள மெல்லிய ஒலிகள் காதுக்கு எட்டுவதில்லை. பலத்த ஒலிக்குச் சற்றுப் பின்னும், மிகக் குறுகிய நேரம் முன்னும்கூட இந்த மறைப்பு நீள்கிறது. குறியாக்கி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த மீடிறன் எதை மறைக்கும் என்று கணித்து, மறைபடும் பகுதியைக் கரடுமுரடாகவும் கேட்கும் பகுதியை நுணுக்கமாகவும் பதிகிறது.

இதில் எங்கே பிழை வரும் என்று அறிய தவிலைப்போல உதவும் வாத்தியம் குறைவு. ஒரு எம்பி3 துண்டு சுமார் 26 மில்லிசெக்கன் நீளம். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் அந்த நேரத்துக்குள் பெரிய மாற்றம் எதுவும் நிகழாது. சுருக்கம் இலகுவாக நடக்கும். தவிலின் வலந்தலையில் விரற்கூடு விழும்போதோ அமைதியிலிருந்து உச்சத்துக்கு ஒலி ஓரிரு மில்லிசெக்கனில் தாவுகிறது. அடி துண்டின் நடுவில் விழுந்தால், கரடுமுரடாகப் பதிந்ததால் வரும் பிழை துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே மெல்லிய ‘ஷ்’ என்ற புகைச்சலாகக் கேட்கும். முன்னெதிரொலி என்று இதைச் சொல்வார்கள். நல்ல குறியாக்கி அந்த இடத்தில் துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்கும். செக்கனுக்கு ஒதுக்கும் பிட் வீதம் குறைவாக இருந்தால் சமாளிக்க இடமிராது. அடியின் கூர்மை மழுங்கும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தனித்தவிலை 64 கிலோபிட்டில் கேட்பவர் அவருடைய விரல் வேகத்தைக் கேட்பதில்லை. கலங்கிய ஒரு முழக்கத்தையே கேட்கிறார்.

செக்கனுக்கு 128 கிலோபிட் பேச்சுக்கும் நாடகத்துக்கும் தாராளம், திரைப்பாட்டுக்கு ஒப்பேறும். 192க்கு மேல் பெரும்பாலான காதுகளுக்கு இறுவட்டுக்கும் எம்பி3க்கும் வேறுபாடு தெரிவதில்லை. தேடி எடுத்த கோப்பில் 320 என்று எழுதியிருப்பது எப்போதும் உண்மையாகாது. 128இல் சுருங்கியதை எடுத்து 320ஆக மறுபடி எழுதினால் கோப்பு மட்டும் பருக்கும்; எறிந்த ஒலி திரும்பாது. 128 கிலோபிட் கோப்புகளில் வழக்கமாக 16,000 ஹேட்ஸுக்கு மேலுள்ளவை வெட்டப்பட்டிருக்கும். கணினியில் மீடிறன் வரைபடம் காட்டும் மென்பொருளில் திறந்தால் அந்த வெட்டு நேர்கோடாகத் தெரியும். தன்னிடமுள்ள இறுவட்டைச் சேமிப்பவருக்கு ஃபிளாக் முறை நல்லது. அது எதையும் எறியாமல் ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும். பின்னர் எந்த வடிவத்துக்கும் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

எம்பி3யை முதலில் கையில் கொண்டுவந்தவை 1998இன் எம்பிமான், ரியோ என்ற கருவிகள். ரியோவில் 32 மெகாபைட் நினைவகம். 128 கிலோபிட்டில் அரை மணி நேரப் பாட்டு. அப்பிள் 2001 ஒக்ரோபரில் ஐபொட்டை அறிவித்தபோது 1.8 அங்குல வன்தட்டில் 5 ஜிகாபைட் கொடுத்தது, ஆயிரம் பாட்டுக்கு அது போதும். பின்னர் மின்னணு நினைவகம் மலிய, சுழலும் தட்டு மறைந்தது. கைத்தொலைபேசி இந்த வேலையையும் எடுத்துக்கொண்டதால் 2022 மே மாதம் ஐபொட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அப்படியும் தனிக் கருவிக்குத் தேவை போய்விடவில்லை. தொலைபேசித் தொல்லை வேண்டாதவர்கள், கண் பார்வை குறைந்து தொடுதிரையோடு மல்லுக்கட்ட முடியாத மூத்தவர்கள், பிள்ளையின் கையில் இணையத்தைக் கொடுக்க விரும்பாத பெற்றோர் இன்றும் அதையே தேடுகிறார்கள். பொத்தானைத் தடவி அறிந்து இயக்கும் கருவி மூத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை உற்பத்தியாளர்கள் மறந்துவிட்டது வருந்தத்தக்கது.

கொள்ளளவுக் கணக்கு எளிது. 128 கிலோபிட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட், 320இல் 2.4 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டுகள் 128இல் ஒரு ஜிகாபைட்டில் 260 அடங்கும். 8 ஜிகாபைட் கருவியைக் கணினியில் இணைத்தால் 7.45 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. உற்பத்தியாளர் பத்தின் அடுக்கிலும் கணினி இரண்டின் அடுக்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு. உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது.

நினைவக அட்டைக்குள் நினைவகச் சில்லோடு ஒரு கட்டுப்படுத்தியும் உண்டு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது அந்தக் கட்டுப்படுத்திதான். அதன் நிரலை மாற்றினால் 8 ஜிகாபைட் சில்லு 64 என்று பொய் சொல்லும். முதல் 8 ஜிகாபைட்டுக்குள் போடும் எல்லாம் நன்றாகப் பாடும். அதற்கு மேல் எழுதுபவை ஒன்றில் முன்னையவற்றை அழித்துக்கொண்டு அவற்றின் மேல் படியும், அல்லது எங்கும் பதியாமல் போகும். கோப்புப் பெயர்ப் பட்டியல் அட்டையின் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயர்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அழுத்தினால் பாடாது. கடைக்காரர் முன்னால் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவது இதனால் சோதனையே ஆகாது. அட்டையை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதே சோதனை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அதைத் தானாகச் செய்யும். நடைபாதையில் நம்ப முடியாத விலைக்கு வாங்கிய அட்டையில் குடும்பப் பாட்டுகளின் ஒரே பிரதியை வைப்பதற்கு முன் இதற்கு ஓர் இரவு ஒதுக்குவது தகும்.

தமிழ் கேட்பவர் கடையிலேயே பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. மலிவான பிளேயர்களில் தமிழ் எழுத்துரு இராது. பாட்டின் பெயர் சதுரக் கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டு தமிழ்ப் பெயர்களோடு பாட்டை ஏற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். சில கருவிகள் பெயர் வரிசையைப் பாராமல், கோப்புகள் ஏற்றப்பட்ட வரிசையிலேயே பாடும். பெயரின் முன்னால் 01, 02 என்று இலக்கமிட்டு அந்த ஒழுங்கிலேயே ஏற்றினால் சிக்கல் தீரும். கர்நாடகக் கச்சேரி கேட்பவருக்கு இடைவெளியின்றிப் பாடும் வசதி முக்கியம். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் குறியாக்கி சிறு மௌனத் துண்டைச் சேர்த்துவிடுகிறது. தனித்தனிப் பாட்டில் அது தெரியாது. ஆலாபனையும் கிருதியும் இரண்டு கோப்புகளாக இருக்கும்போது தம்புராவின் சுருதி நடுவில் ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்கும், காதை உறுத்தும்.

பல பிளேயர்களில் வானொலியும் உண்டு. காதுக்கருவியைச் செருகாமல் அது வேலை செய்யாததற்குக் காரணம், அதன் கம்பியே ஏரியலாக இருப்பது. 100 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். அதில் கால் பங்கான 75 சென்ரிமீற்றர் கம்பி நல்ல ஏரியல். கம்பியைச் சுருட்டிப் பையில் வைத்தால் சூரியன், சக்தி வானொலிகள் இரைவது இதனால்தான். புளூடூத் காதுக்கருவியில் கம்பி இல்லை, ஆகவே அதோடு வானொலி பெரும்பாலும் கேட்காது.

இனி காதுக்கருவி. ஒரு சிறு காந்தம், அதன் இடைவெளியில் தொங்கும் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மென்தகடு. மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து தகட்டின் வழியே காற்றைத் தள்ளும். 16 ஓம் தடையுள்ள சாதாரண காதுக்கருவிக்கு ஒரு மில்லிவோற்று கொடுக்க வேண்டிய வோல்ற்றளவு 0.13 மட்டும், அதுவே 100 டெசிபெல் அளவுக்கு ஒலி எழுப்பிவிடும். ஆகவே பெரும்பாலோருக்குத் தனிப் பெருக்கி எதுவும் தேவைப்படாது. தேவைப்படுவது காதுத் துவாரத்தில் காற்றுக் கசியாத பொருத்தம். இறப்பர் முனை தளர்ந்திருந்தால் முதலில் காணாமற் போவது கீழ் மீடிறன்: மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தவிலின் இடந்தலை முழக்கமும் மெலிந்துவிடும். காதுக்கருவியோடு மூன்று அளவு முனைகள் வருவது அதற்காகவே. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவதும் வழமை. பொருந்தாத முனையோடு கேட்டு, பாஸ் இல்லை என்று கருவியைக் குறை சொல்பவர்கள் ஏராளம். ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது காதுக்கருவிக்குக் கொடுப்பதே நல்ல கொள்வனவு.

பொருத்தத்துக்கு இன்னொரு பெரிய காரணம் செவிப்புலன். உட்செவியிலுள்ள கோக்ளியாவுக்குள் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்களும் 12,000 வெளி மயிர்க்கலங்களும் உள்ளன. பலத்த ஒலியில் இவை சிதைந்தால் மனித உடல் புதிதாக உண்டாக்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த அளவு, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5, 92இல் இரண்டரை. இதைப் பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்கப் பேருந்தில் வெள்ளவத்தையில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேறு பேருந்து பிடிப்பவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். நெரிசலான வீதியில் டீசல் எஞ்சினும் ஹோர்னும் சேர்ந்த இரைச்சல் 80 டெசிபெலைத் தொடுவது வழக்கம். தனியார் பேருந்தின் ஒலிபெருக்கி வேறு. காதை அடைக்காத திறந்த வகைக் கருவியில் பாட்டு தெளிவாகக் கேட்க அதைவிட 10 டெசிபெல் கூட்டியாக வேண்டும். 90 டெசிபெலில், போகவர நாளுக்கு இரண்டு மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். பாதுகாப்பான எல்லை இரண்டாம் நாள் முடியுமுன்னரே கடந்துவிடும். நன்றாக அடைக்கும் இறப்பர் முனை வெளியிரைச்சலை 15 முதல் 25 டெசிபெல் வரை தணிக்கும். பாட்டை 70 டெசிபெலில் வைத்துக் கேட்க அதுவே போதும். சில நூறு ரூபா பெறுமதியான இறப்பர் துண்டு செவிப்புலனைக் காக்கிறது. இதை விற்பவர் எவரும் சொல்வதில்லை.

இரைச்சல் நீக்கி கொண்ட காதுக்கருவிகள் வெளி ஒலியை ஒலிவாங்கியால் கேட்டு, அதற்கு நேரெதிர் கட்டத்தில் ஓர் அலையை எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுகின்றன. கீழ் மீடிறனில் சீராகத் தொடரும் ஒலிக்கு இது நன்றாகப் பலிக்கும்: எஞ்சினின் உறுமல், கரையோரப் புகையிரதத்தின் கடகடப்பு. திடீரென எழும் ஹோர்னுக்கும் பேச்சுக்கும் குறைவாகவே பலிக்கும், அலைநீளம் குறுகக் குறுக நேரப் பொருத்தம் தவறுவதால். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகிறது. மக்கள் கால்நடையாக அதைக் கடக்கிறார்கள். காதில் பாட்டோடு தண்டவாளத்தில் நடந்து உயிரிழந்தவர்களின் செய்தி இலங்கைப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. தண்டவாளத்துக்குப் பத்தடி முன்பே இரண்டு காதுகளையும் திறந்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

மின்வலு எவ்வளவு அரிய பொருள் என்பதை வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பங்கள் நன்கு அறியும். 1990களின் முற்பகுதியில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. வானொலியையும் கசெட் பிளேயரையும் இயக்கியது சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். டைனமோவில் சுழலும் காந்தம் கம்பிச் சுருளில் 6 வோல்ற்று, 3 வோற்று ஆடலோட்டத்தைத் தூண்டுகிறது. பிளேயருக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாகக் கட்டினால் ஓட்டம் ஒரே திசைக்குத் திரும்பும். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இரண்டு இருவாயிகள் சேர்ந்து ஏறத்தாழ 1.4 வோல்ற்றை விழுங்கிவிடும். குறுக்கே ஒரு கொள்ளளவியைப் போட்டால் அலை தணியும். போடாவிட்டால் பாட்டுக்கு அடியில் உறுமல் கேட்கும். வேகமாகச் சுற்றினால் வோல்ற்றளவு ஏறிக் கருவி கருகக்கூடும். சைக்கிளின் மின்குமிழையும் சேர்த்து எரியவிட்டால் அது சுமையாக நின்று ஏற்றத்தை அடக்கும். களைத்துக் கை தளர்ந்தால் கசெட் மோட்டர் மெதுவாகிப் பாட்டு இழுபடும். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்துச் சிறிது நேரம் பாவித்ததிலும் வேதியியல் இருந்தது: சூட்டில் உள்தடை குறைந்து, தாக்கம் சற்று விரைவாகும்.

இன்றைய கருவிகளில் இருப்பது இலிதியம் அயன் கலம். வெப்பமே அதன் முதல் எதிரி. கலத்துக்குள் நடக்கும் பழுதாக்கும் தாக்கங்கள் வெப்பநிலை 10 பாகை ஏற ஏற ஏறத்தாழ இரு மடங்காகின்றன. ஆண்டு முழுவதும் 27, 28 பாகை நிலவும் கொழும்பில், வெயிலில் நிறுத்திய முச்சக்கர வண்டியிலோ காரிலோ விட்டுச் சென்ற பிளேயர் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஆயுளை இழக்கும். நூறு வீதத்திலேயே மின்னேற்றியில் மாட்டி வைப்பதும் அடியோடு வடியவிடுவதும் கெடுதி. நீண்ட நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் பாதி மின்னேற்றத்தோடு நிறுத்தி வைக்கலாம். உறை புடைத்துத் திரை மேலெழுந்தால் அந்தக் கலத்தை அழுத்தவும் குத்தவும் கூடாது, மின்னேற்றவும் கூடாது. பெயரற்ற மலிவு மின்னேற்றிகளில் 230 வோல்ற்றுப் பக்கத்துக்கும் 5 வோல்ற்றுப் பக்கத்துக்கும் இடையேயான காப்பு ஒப்புக்கு இருக்கும். அவை பழுதானால் மின் நேரே கம்பி வழியே காதுவரை வரும். மின்னேறும் கருவியில் பாட்டுக் கேட்பதைத் தவிர்க்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

மரைன் டிரைவ் பக்க வீடுகளில் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் விரைவில் துருப்பிடிப்பது தெரிந்ததே. இசைப்பானின் செருகுதுளைக்கும் அதே கதிதான். கடலலை உடையும்போது எழும் நுண்திவலை உப்பாக வந்து படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரையும். கொழும்பில் இரவெல்லாம் ஈரப்பதன் அதற்கு மேல்தான். ஆகவே செருகியின் பித்தளையில் படிந்த உப்பு நாளுக்கொருமுறை கரைசலாகி, குளோரைட்டு அயன்கள் பூச்சின் நுண்துளைகளில் புகுந்து அரிக்கின்றன. ஒரு காதில் மட்டும் கேட்பது, அசைத்தால் கரகரப்பது எல்லாம் இதன் அறிகுறி. ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஜன்னலோரத்தில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வைப்பது இன்னும் நல்லது.

கொள்வனவுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபேர்ட்டி பிளாசா என்று இடங்களுக்குக் குறைவில்லை. இவை எல்லாமே இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது பழைய இருப்பின் விலையும் கூடவே ஏறியது. உத்தரவாதம் உற்பத்தியாளரின் முகவர் கொடுப்பதா, கடைக்காரர் கொடுப்பதா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமை. மறுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பாவித்த ஐபொட் கிளாசிக் வாங்குபவர் வன்தட்டின் சத்தத்தை அமைதியான இடத்தில் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். டிக் டிக் என்று மீண்டும் மீண்டும் தட்டினால் தட்டு முடிவை நெருங்கிவிட்டது. வன்தட்டைக் கழற்றி நினைவக அட்டை பொருத்தித் தருவோர் இருக்கிறார்கள். கலமும் அப்போதே மாற்றப்பட்டால் கருவி இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

புதிய பிளேயருக்கு ஏற்ற முதல் பாட்டுகள் பல வீடுகளில் அலுமாரிக்குள் கசெட்டாகக் கிடக்கின்றன. இலங்கை வானொலியின் ‘தணியாத தாகம்’ போன்ற தொடர் நாடகங்கள், பொப்பிசைப் பாட்டுகள், கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரம், இறந்துபோன தாத்தாவின் தேவாரம். வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இவற்றில் உண்டு. இந்த ஈரக் காற்றில் அவை காத்திருக்கமாட்டா. நாடாவில் வெண்பூசணம் தெரிந்தால் அதைப் போட்டுப் பார்க்கவே கூடாது. வித்துகள் தலையில் ஒட்டி அடுத்த கசெட்டுக்குத் தாவும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டின் பசை விட்டுப்போயிருந்தால், திருகாணி பூட்டிய வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். முதலில் பிளேயரின் தலையை அற்ககோலால் துடைக்க வேண்டும். பிறகு கசெட்டை ஓடவிட்டு, தலையருகே உள்ள திருகாணியை மெல்லத் திருப்பினால், தாளத்தின் கிணுகிணுப்பு தெளிவாக எழும் ஓரிடம் வரும். அந்தக் கசெட் பதிந்த தலையின் சாய்வு அதுதான். அங்கே நிறுத்தி, கணினியின் லைன்-இன் துளைக்கு இணைத்து, ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் 44,100 ஹேட்ஸில் பதியலாம். 90 நிமிடக் கசெட் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஃபிளாக்கில் அதில் பாதி. பாடியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று உறையில் எழுதியிருப்பதைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும். ஈழத்து ஆவணங்களை இலக்கமுறையில் பேணும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கிறது; பொதுப் பயனுள்ள பதிவென்றால் ஒரு பிரதியை அங்கும் கொடுக்கலாம்.